ஊற்றுக்கு மேலே ஒரு வீடு

ஹந்தானை
04.02.2024

அன்புள்ள தம்பி திவாகரனுக்கு,

அக்கா சுகிர்தா எழுதுவது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். கட்டாரில் குளிர்காலம் என்றார்கள், காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நீ பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நீ அங்கே தும்மினால் இங்கே கடைசி லயத்து வரிசை வீட்டிலிருந்து திவாவுக்குத் தடிமனா என்று கேட்டு ஆள் வருகிறது. அதனால் வீட்டுப் பேச்சை இனி எழுத்தில் வைத்துக்கொள்வோம். பதிலை நான் வேலை செய்யும் கண்டித் துணிக்கடை விலாசத்துக்குப் போடு. தேயிலைத் தோட்டத்து விலாசம் போட்டால் ஆபீஸ் மேசையில் கிடந்து காய்ந்து, நீ லீவில் வந்த பிறகுதான் கைக்கு வரும்.

நீ கட்டித் தந்த புது வீட்டில் அம்மாவுக்கு எதுவும் பெரிதில்லை, வீட்டோடு சேர்ந்த கக்கூஸ்தான் பெரிது. கொழுந்து பறித்த காலம் முழுக்க மழையிலும் அட்டைக் கடியிலும் லயத்துப் பொதுக் கக்கூஸுக்கு இறங்கிப் போன மனுஷி. இப்போது முழங்கால் வலியோடு ரெண்டு எட்டு வைத்தால் போதும். தினமும் அதைக் கழுவித் துடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டுகிறார். எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. மேசன் பாஸ் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார். ஈசானிய மூலையில் குழி வெட்டியிருந்தால் மண் இலகு, வேலை பாதியாம். நீதான் கம்பளை வாஸ்துக்காரரின் பேச்சைக் கேட்டு, போனில் நின்றே அதை வாயு மூலைக்கு மாற்ற வைத்தாய்.

ஒரு கவலை. ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்து வந்து போகிறது. லயத்தில் குடிநீர்ச் சங்கம் ஒன்று தொடங்கி, வாயாடி என்று என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுக்கப் போகிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா
சுகிர்தா


தோஹா
21.02.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். குளிர் போய்விட்டது, நான் வேலை செய்யும் லாண்டரிக்குள் எப்போதும் சித்திரை மாதம்தான்.

கக்கூஸ் விஷயத்தைப் படித்து றூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நளீர் நானா, அதுதான் என் பக்கத்துக் கட்டில் அக்குறணைக்காரர், உன் உம்மாவுக்கு அது அரண்மனை என்றார். உண்மைதான் அக்கா. சின்ன வயதில் மழை பெய்யும்போது அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்த்து அழுதிருக்கிறேன். இந்த வீட்டில் நான் கட்டியது அது ஒன்றைத்தான், மிச்சமெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய சுவர்.

மேசன் பாஸை முணுமுணுக்கச் சொல்லுங்கள். ஈசானியத்தில் குழி இருந்தால் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாது என்று அந்த மனிதர் சொன்ன பிறகு யார் துணிவார்கள்? வீட்டுக்கு ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான்.

செயலாளரம்மாவுக்கு வாழ்த்து. இனி உங்களைக் கையில் பிடிக்க முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், அம்மாவுக்கும் கொடுங்கள்.

அன்புத் தம்பி
திவாகரன்


ஹந்தானை
17.03.2024

அன்புள்ள தம்பி,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் சரியில்லை.

டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. பீலித் தண்ணீரில் மலக் கிருமி இருக்கிறது. சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. மாத்தயா நேரில் வந்து, கொதிக்க வைக்காமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் நம் அடுத்த லயத்து வீரையா அண்ணனின் மகள் கிஷாந்தினிக்கு மஞ்சள் காமாலை வந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். கண்ணெல்லாம் மஞ்சள். போய்ப் பார்த்தேன், கையைப் பிடித்தால் காய்ந்த குச்சி மாதிரி இருக்கிறது. வீரையா அண்ணன் வார்ட்டுக்கு வெளியே நிற்கிறார்.

ஊற்றுக்கு மேலே இருக்கிற வீடுகளில் ஏதோ ஒன்றின் குழிதான் உள்ளுக்குள் கசிகிறதாம். எது என்று கண்டுபிடிக்க மாத்தயா ஒரு சிவப்புச் சாயம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக் கக்கூஸாக ஊற்றிப் பார்க்க வேண்டும். எந்த வீட்டில் ஊற்றும்போது பீலியில் நிறம் வருகிறதோ, அந்த வீடு. மேல் வீடுகளில் நம் வீடும் ஒன்று. சங்கத்தில் முறை போட்டு எழுதினேன். நம் வீட்டைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

வேலி அடிக்கவும் மரக்கன்று நடவும் யோசனை இருக்கிறது. ஊற்றுக்கு மேலே புல்லுக்கு மருந்து அடிப்பதை நிறுத்தத் தோட்டத்துத் துரை ஒத்துக்கொண்டார். நாங்கள் எட்டுப் பொம்பளைகள் ஆபீஸ் வாசலை விட்டு நகரவில்லை, மனிதர் தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


தோஹா
02.04.2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி? உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன், இறங்குகிற இடம் போய்விட்டது.

கிஷாந்தினியை நான் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டவன் எவன் என்று தெரிய வேண்டும். வீட்டை அழகாகக் கட்டிவிட்டு, கழிவை ஊரார் குடத்தில் விடுகிறவனுக்கு என்ன பெயர்? அவன் தலைவராக இருந்தாலும் சரி, தலைவருக்கு மச்சானாக இருந்தாலும் சரி, முகம் பார்க்காதீர்கள். அலவாங்கை எடுத்துக் குழியை உடையுங்கள். அவன் துள்ளினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

நம் வீட்டை ஏன் கடைசியில் போட்டீர்கள்? முதலில் ஊற்றிக் காட்டினால்தானே மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். செயலாளராக இருந்துகொண்டு இது தெரியவில்லையா?

அடுத்த கடிதத்தில் அந்த ஆளின் பெயரை எழுதுங்கள்.

தம்பி திவாகரன்


ஹந்தானை
28.04.2024

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். கடை புத்தாண்டு வியாபாரத்தில் நெரிபட்டதால் எழுதத் தாமதம், குறை நினைக்காதே.

கிஷாந்தினி வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள், கண் வெளுத்து வருகிறது. பீலிக்குப் பக்கத்தில் போகாதபடி கயிறு கட்டியிருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. ஊற்றைச் சுற்றி மருதங்கன்று நட்டோம். ஆடு கடிக்காமல் மூங்கில் கூடு பின்னிப் போட்டது வேலையில்லாத பிள்ளைகள். ஊரில் இப்போது யார் வாயைத் திறந்தாலும் தண்ணீர்ப் பேச்சுத்தான். இதுவே ஒரு நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. அதைச் சரி செய்யத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆளின் பெயரை எழுதி என்ன ஆகப் போகிறது, தம்பி? வேண்டுமென்று யாரும் செய்யவில்லை.

அம்மா கொஞ்சம் நடக்கிறார். முழங்காலுக்கு நடை நல்லதுதான்.

அக்கா


தோஹா
15.05.2024

அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் எப்படி என்று இந்தக் கடிதத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கசிவு எங்கே என்று தெரிந்தும் யார் என்று எழுத மாட்டேன் என்கிறீர்கள். அவ்வளவு பெரிய ஆளா? போன வெள்ளிக்கிழமை விடிய வீட்டுக்குப் போன் கோல் எடுத்தேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, காற்றுச் சத்தம் கேட்டது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் சும்மா வெளியே என்றார். மழை பெய்கிற விடியற்காலையில் அம்மாவுக்கு வெளியே என்ன வேலை?

நளீர் நானா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார். அவர் கையில் அம்மாவுக்கு முழங்கால் பட்டியும் தைலமும் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டுக்கே வந்து தருவார்.

திவாகரன்


அக்குறணை
23.06.2024

தம்பி திவாகரனுக்கு,

நளீர் நானா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் பெருநாள் நல்லபடி முடிந்தது. வீட்டில் எல்லோரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். லீவு முடிந்து தோஹாவுக்கு வருகிற நம் கூட்டாளி இப்ஹாமின் கையில் இதைக் கொடுக்கிறேன். வட்சப்பில் போட்டால் நீ வாசித்த கையோடு வீட்டுக்குக் கோல் எடுத்துக் கத்துவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? ஒரு இடத்தில் உட்கார்ந்து வாசி.

சாமானைக் கொடுக்க உன் வீட்டுக்குப் போனேன். உம்மா கதிரை போட்டு உட்கார வைத்து, பிளேன்டி தந்து, உன் சாப்பாடு தூக்கமெல்லாம் விசாரித்தார். லுஹர் தொழுகை நேரமானதால் கைகால் கழுவி வுளூ எடுக்க உன் புகழ்பெற்ற பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். உம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அது பூட்டியிருக்கு மகன் என்று சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை வாசலில் கொண்டுவந்து வைத்தார். நான் தொழுதுவிட்டு எழுந்தபோது, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, தேயிலைச் செடியை மாறி மாறிப் பற்றி, பழைய லயத்துக் கக்கூஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

உன் அக்கா என்னோடு பஸ் றோட்டு வரை வந்தபோது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மற்ற மேல் வீடுகளில் சாயம் ஊற்றியபோது பீலித் தண்ணீர் நிறம் மாறவில்லையாம். உன் வீட்டில் ஊற்றிய மறுநாள் ரோஸ் நிறத்தில் வந்திருக்கிறது. துணி துவைக்கத் தண்ணீர் பிடிக்க அன்றைக்கு முதலில் குடம் வைத்தது உன் உம்மா. அவர் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய், கக்கூஸைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். அன்றிலிருந்து வீரையா குடும்பம் உன் வீட்டைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறது. தெரிந்தால் நீ உடைந்து போவாய் என்று அக்கா உனக்குச் சொல்லவில்லையாம்.

சங்கம் கேட்டது பெரிய விஷயமில்லை. வாயு மூலைக்குக் கீழே ஊற்று இருக்கிறது, ஈசானிய மூலைப் பக்கம் சரிந்தால் வெறும் தேயிலை. குழியை அந்தப் பக்கம் மாற்றுங்கள், வேலைக்கு ஆட்கள் நாங்கள் வருகிறோம் என்றார்களாம். உம்மாதான் விடவில்லை. ஈசானியத்தில் குழி வெட்டினால் உன் உயிருக்கு ஆபத்தாம். நான் நடந்து போறேன், எம் புள்ள நல்லா இருக்கட்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். வாஸ்துக்காரர் உன்னிடம் சொன்னார், நீதான் உம்மாவிடம் சொன்னாய்.

எங்கட ஊரில் வெள்ளம் வந்தால் கிணறெல்லாம் ஒரே சேறு. யார் வீட்டுக் குழி கலந்தது என்று பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து இறைப்போம். உன் ஊர் ஆட்களும் அப்படிச் சேர்ந்து நிற்கத்தான் காத்திருக்கிறார்கள். ஆனால் உன் வாயிலிருந்து வராமல் உம்மா சாவியைத் தர மாட்டார்.

உனக்காக துஆ செய்கிறேன்.

நளீர்


தோஹா
28.07.2024

அக்காவுக்கு,

உடம்பு சுகம். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம். உங்கள் மேல், லயத்தின் மேல், அந்தச் சாயத்தின் மேல்கூடக் கோபம். எழுதி எழுதிக் கிழித்தேன். ஏன் மறைத்தீர்கள் என்று உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். பிறகு நான் முன்பு எழுதிய வீராப்பெல்லாம் ஞாபகம் வந்தது. எவன் அவன் என்று நான் இங்கிருந்து குதித்த குதியில் நீங்கள் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? அதையும் கிழித்துவிட்டேன்.

கம்பளை மனிதருக்குக் கோல் எடுத்தேன். எங்கள் இடம் மலைச் சரிவு என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தாளில் போட்ட வீட்டுப் பிளேனைத்தான் பார்த்தேன், தாளில் ஏது மேடு பள்ளம் என்றார். பரிகாரமாக ஒரு செப்புத் தகடு புதைக்கலாமாம். தகடு புதைத்தால் தோஷம் போகும், கிருமி போகுமா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

பழைய குழியை மூடுங்கள். ஈசானியத்தில் வெட்டுங்கள். பி.எச்.ஐ. சொல்கிற மாதிரி கசியாத குழியாக இருக்கட்டும். சாமி கோபித்துக்கொண்டால் நான் வந்து பேசிக்கொள்கிறேன். கூட இருக்கிற தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஸ்பீக்கர் மாதிரிச் சத்தமாகவே வாசியுங்கள், லயமெல்லாம் கேட்கட்டும்.

தம்பி
திவாகரன்


தோஹா
28.07.2024

அன்பு அம்மாவுக்கு,

திவா எழுதுகிறேன். நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன், நளீர் நானா சொல்லியிருப்பார்.

அம்மா, என் உயிருக்கு ஆபத்து வரும் என்று பயந்து நீங்கள் மழையில் இறங்கிப் போகிறீர்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்தது வீரையா அண்ணன் மகளுக்கு. அவள் கண் மஞ்சளானது நான் சொன்ன மூலையால். என் பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று நீங்கள் நினைக்கிற மாதிரித்தானே அவரும் வார்ட்டு வாசலில் நின்று நினைத்திருப்பார்.

அந்த வீட்டை நான் உங்கள் முழங்காலுக்காகக் கட்டினேன். நீங்கள் சேற்றில் சறுக்கி விழுந்தீர்கள் என்று ஒரு கோல் வந்தால் அன்றைக்குத்தான் எனக்கு உயிர் போகும். வேறு எதனாலும் போகாது. என்மேல் ஆணை, ஈசானியத்தில் வெட்டட்டும்.

அக்காவிடம் சாவியைக் கொடுங்க அம்மா.

உங்கள் மகன்
திவாகரன்


ஹந்தானை
22.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மழையும் புது ரிப்போர்ட்டும்தான் காரணம். பழைய குழியை ஒட்ட இறைத்து, சுண்ணாம்பு போட்டு மூடியாகிவிட்டது. புதுக் குழி வேலை முடிந்து ஊற்றுத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டோம். நேற்று வந்த ரிப்போர்ட்டில் கிருமி இல்லை. ஆனாலும் இன்னொரு மழை பார்த்துவிட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கும்வரை கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை அம்மா தானே சொல்வதாக அடம் பிடிக்கிறார். சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்.

தம்பி, அம்மா பேசுறேன். நல்லா இருக்கியா சாமி? நீ எழுதுனத அக்கா வாசிச்சப்ப ஒங்கப்பா செத்த அன்னைக்கி அழுத மாதிரி அழுதேன். ஆணையெல்லாம் எதுக்குடா போடுற? சாவிய அவ கையில குடுத்துட்டேன். ஆனா பயம் போகல, பொய் சொல்ல மாட்டேன். குழிக்குக் கயிறு புடிக்கிறப்ப மாரியம்மாவ நெனச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இப்ப கக்கூசு தொறந்தாச்சு. முழங்காலுக்கு நீ அனுப்புன பட்டியப் போட்டிருக்கேன், கொஞ்சம் இறுக்குது.

வெட்டுற அன்னைக்கி யாரும் வர மாட்டாங்கன்னுதான் இருந்தேன். சங்கத்துல சொன்னது சரி, ஆனா அந்தச் செவப்புத் தண்ணியப் பாத்த சனம் எப்புடி நம்ம வாசலுக்கு வரும்னு நெனச்சேன். விடிஞ்சதும் கதவத் தொறந்தா, அலவாங்கத் தோள்ல போட்டுக்கிட்டு மொத ஆளா வீரையா நிக்கிறான். அவன் என்னயப் பாக்கல, நானும் பாக்கல. நேரா போயி ஈசானிய மூலையில மண்ணக் குத்த ஆரம்பிச்சிட்டான். பின்னாடியே மத்தவங்களும் வந்தாங்க.

மத்தியானம் ஆனதும் அவங்கவங்க கொண்டாந்த போத்தல எடுத்துத் தண்ணி குடிச்சாங்க. நானும் காலையிலயே தண்ணியக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, மூடித்தான் வச்சிருந்தேன். ஆனா யாருக்கும் குடுக்கல. எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் குடுக்கிறது, சொல்லு? அடுப்படியிலேயே நின்னுக்கிட்டிருந்தேன்.

வீரையா குழிக்குள்ளேருந்து ஏறி வந்து வாசப்படியில நின்னான். அவன்கிட்டயும் போத்தல் இருந்துச்சு, நான் பாத்தேன். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னு கேட்டான். செம்புல மோந்து குடுத்தேன். அண்ணாந்து பூராத்தையும் குடிச்சான். குடிச்சிட்டு, கையில இருந்த போத்தல்ல மிச்சமிருந்த தண்ணிய மண்ணுல ஊத்திட்டு, அத ஏங்கிட்ட நீட்டி, "எம் மகளுக்கும் இதுல ஊத்திக் குடுங்க"ன்னான்.

இப்படிக்கு,
அம்மா ராக்கம்மா